துணைக்கு இருந்தவள்

சோபியாவுக்குச் சளி சீக்கிரம் பிடித்துவிடும். அதனால் அவள் எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்தால், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கம்ப்யூட்டரை நான் அவளுக்குக் கொடுக்கமாட்டேன். சுவரோரம் இருக்கும் நான்காம் நம்பரைத்தான் கொடுப்பேன். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால், "இதுல நெட் ஸ்லோவா இருக்குது சார், அந்தாண்ட உக்காருங்க" என்று சொல்லி எழுப்பிவிடுவேன். இப்படி அவளை நான் பார்த்துக்கொண்டதை, நீங்கள் விசாரித்தவர்களில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் நானே முதலில் எழுதிவிடுகிறேன்.

மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நாற்காலி போட்டீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். மரியாதையாக நடத்தியதற்கு நன்றி. வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் பரிமளா. வயது இருபது. அப்பா ரங்கசாமி, பட்டு நெசவு. அம்மா சாவித்திரி. வீட்டில் ஒரு தறி. சோபியாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் அம்மா பாக்கியமேரி டீச்சர். அப்பா சிங்கராயர், நிலம் பார்க்கிறார். ஒரே அண்ணன், பிரின்ஸ். ப்ளஸ் டூவில் நான் ஆயிரத்து முப்பத்தொன்று, சோபியா தொள்ளாயிரத்து எண்பத்தாறு. அவள் படிப்பில் எப்படி என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்காகத்தான் மார்க்கை எழுதுகிறேன்.

அவள் வேலூரில் கல்லூரியில் சேர்ந்தாள். என்னை அப்பா அனுப்பவில்லை. "பொட்டப் புள்ள தெனமும் வேலூருக்கு பஸ்ல போய்கினு வந்துகினு இருந்தா, இங்க தார் யாரு சுத்தறது?" என்றார். நீங்கள் தெற்குச் சீமை என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன்: நெய்கிறவர் கைக்குத் தேவையான நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. அப்பா சொன்னதில் தப்பில்லை. காலையில் தார், பத்து மணிக்கு மேல் ஜெயக்குமார் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலை என்று என் நாள் அமைந்துவிட்டது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் டிசைன் எல்லாமும் அங்கேயே செய்வோம். வேலையை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

போன வருடம் தீபாவளி முடிந்த சமயம், பட்டுக்கடை திருமலை முதலாளி வந்தார். 2008க்கான தினசரி காலண்டரில் சாமி படம் வேண்டாம், புடவை கட்டிய பெண் படம் போடலாம் என்றார். புடவை எங்கள் தறியில் நெய்தது. கிளிப்பச்சை உடல், அரக்கு பார்டர். இருபத்திரண்டு நாள் ஆனது. அப்பா நெய்தார், அம்மாவும் நானும் தார் சுற்றினோம். இழை அறுந்த இடங்களை நான்தான் முடிச்சுப் போட்டேன்.

அன்று ஜெயக்குமார் அண்ணன் என்னிடம் திரும்பி, "பரிமளா, உன் ஃப்ரெண்டு அந்த டீச்சர் பொண்ணு வருமா, கேளு. மூஞ்சி லட்சணமா இருக்குது" என்றார். நான் அவருக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கிறேன் அண்ணா என்றேன்.

ஸ்டுடியோவில் அவளுக்குப் புடவை கட்டிவிட்டது நான். கொசுவத்தை நிரவி, ஊசி குத்தி, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டேன். முட்டிக்குக் கீழே தொங்கும் பின்னல் அவளுக்கு. எல்லாம் முடிந்த பிறகு அவள் போட்டோகிராபரிடம், "அண்ணா, இவகூட ஒண்ணு எடுங்க. இவங்க வூட்டுப் புடவைதான் இது" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்து நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது பிளாஷ் அடித்தது.

முப்பது படம் எடுத்ததில் அந்தச் சிரிப்புதான் நன்றாக வந்திருந்தது. முதலாளி அதையே கேட்டார். "பக்கத்துல இருக்கற ஆள எடுத்துடு" என்று ஜெயக்குமார் அண்ணன் படத்தை எனக்கே அனுப்பினார். வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதானே. என்னை நானே வெட்டினேன். தோளில் என் நான்கு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. பக்கத்திலிருந்த கிளிப்பச்சையை எடுத்து அதன்மேல் பூசி மறைத்தேன். சுத்தமாக வந்தது. அண்ணன்கூடப் பாராட்டினார்.

காலண்டர் ஊர் முழுக்கப் போனது. டீக்கடை, அரிசி மண்டி, சலூன், எல்லா இடத்திலும் சோபியா. அப்பா தறிக்கு எதிர்ச் சுவரிலேயே மாட்டினார். தினமும் காலையில் தாள் கிழிக்கும்போது, "நம்ம புடவ எப்படி எடுத்துக் குடுக்குது பாரு, அந்தப் பொண்ணுக்கு" என்பார். நான் தார் சுற்றிக்கொண்டிருப்பேன். பூசிய இடம் எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பொறாமையா என்று நேற்று கேட்டீர்கள். நீங்கள் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன். அந்தச் சொல் சரியாகப் பொருந்தவில்லை மேடம். பொறாமைப்படுகிறவள் எதிராளிக்குக் கெடுதல் நினைப்பாள். நான் சோபியாவுக்கு எப்போதும் நல்லதுதான் நினைத்தேன்.

ஆர்குட்டில் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். காலண்டர் படத்தைப் போட்ட பிறகு இரண்டு மாதத்தில் முந்நூறு பேர் நண்பர்களாகச் சேர்ந்தார்கள். கல்லூரித் தோழிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் லாவண்யா என்று ஒருத்தி, ஹாஸ்டல் பெண். சோபியா எதைச் சொன்னாலும் "லாவண்யா சொன்னா" என்று தொடங்குவாள். லாவண்யா சொன்னாள் என்று நெற்றியில் முடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். லாவண்யா சொன்னாள் என்று மேற்படிப்புக்குச் சென்னை போகப்போவதாகச் சொன்னாள். முன்பெல்லாம் சென்டருக்கு வந்தால் முதலில் என்னோடு அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் உட்காருவாள். பிறகு உட்கார்ந்துவிட்டு, போகும்போது, "வர்றேண்டி பரி" என்பாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அவள் ஆர்குட் பக்கத்தில் ஒரு ஸ்க்ராப் செய்தி வந்தது. யார் என்று தெரியாத பெயர். "புடவை அழகு. கட்டியிருக்கிற ஆள்தான் கெடுத்துவிட்டாள்." அவ்வளவுதான். அவள் சத்தமாகச் சிரித்து, "பரி, இங்க வாயேன். யாரோ லூசு இன்னா எழுதியிருக்குது பாரு" என்றாள். நான் கவுன்டரிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன். "உட்றி, வேல இல்லாதவன்" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லாவண்யா பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

அதை நான் கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்துதான் அனுப்பியிருந்தேன். அவள் என்னைக் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். ஒரு வாரம் அவள் என்னோடு பழையபடி இருந்தாள். அடுத்த வாரம் லாவண்யாவோடு வேலூரில் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, டிக்கெட்டைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். அதனால் இரண்டாவது அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு மூன்றாவது.

முதலில் அவள் சிரித்தாள் என்றேன். பிறகு கோபப்பட்டாள். பெரிய பெரிய எழுத்தில் பதில் போட்டாள். பதில் போடப் போட எதிர்ப்பக்கம் இன்னும் அசிங்கமாக வந்தது. அடுத்து, வருகிறதையெல்லாம் படிக்காமலே அழித்தாள். அழித்தாலும் ஞாபகம் இருக்கும்போலிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போது, "பரி, என் மூக்கு நெஜமாவே வளஞ்சா இருக்குது?" என்று கேட்டாள். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், அவள் மூக்கில் ஒரு குறையும் கிடையாது. "லேசா. அதெல்லாம் யாருக்கும் தெரியாது" என்றேன்.

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதும் நான்தான். "வூட்ல தெரிஞ்சா காலேஜ நிறுத்திடுவாங்கடி" என்றேன். அப்படித்தான் பல வீடுகளில் நடக்கிறது. லாவண்யாவிடமும் சொல்லவேண்டாம் என்றேன். யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாதபோது, கல்லூரிக்காரர்களை எப்படி நம்புவது. அதை அவள் ஒப்புக்கொண்டாள். இதையெல்லாம் அவள் என்னிடம் மட்டும்தான் பேசினாள். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் வருவாள். சாயங்காலம் இறங்கியதும் நேராக வருவாள். ஆறாம் வகுப்பில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

ஜூன் மாதம் அவள் பெயரில் இன்னொரு கணக்கு வந்தது. காலண்டர் படம், அவள் செல் நம்பர், தனியாக இருக்கிறேன், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று நான்கு வரி. அதை நான் செய்ததன் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரம் அவள் பிறந்தநாள். வழக்கமாக மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். அம்மா பாயசம் வைத்திருந்தாள். அவள் வரவில்லை. லாவண்யாவின் ரூமில் கேக் வெட்டினார்களாம். மறுநாள் வந்து, முகத்தில் கிரீம் பூசிய படங்களை என்னிடமே கொடுத்துக் கணக்கில் ஏற்றித் தரச் சொன்னாள். ஏற்றிக் கொடுத்தேன். அவள் போன பிறகு மற்றதைச் செய்தேன்.

எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. முதல் நாளே நாற்பதுக்கு மேல் அழைப்பு. என்னென்ன கேட்டார்கள் என்று அவள் வாயால் சொல்லவில்லை, செல்லை என் காதில் வைத்தாள். களம்பூர், தேசூர், பெரணமல்லூர் என்று சுற்றுவட்டாரக் குரல்களும் இருந்தன. அவள் செல்லை அணைத்துத் துணிக்குள் சுருட்டி வைத்தாள். பஸ்ஸில் ஒருத்தன் அவள் நம்பரை மெதுவாகச் சொல்லிக் காட்டினானாம். அதன்பிறகு துப்பட்டாவைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டு போனாள். டீக்கடைக் காலண்டரில் அவள் படத்துக்கு யாரோ பேனாவால் என்னவோ வரைந்திருந்தார்கள். விஷயம் எங்கள் தெருவுக்கும் வந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் லட்சுமி படம் ஒன்றை எடுத்து, எங்கள் வீட்டுக் காலண்டரில் சோபியாவின் முகத்துக்கு மேல் ஒட்டினாள். "வௌக்கு வெக்கற வூடு" என்றாள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் சென்டர் காலியாக இருந்தபோது வந்தாள். கையில் கத்தரிக்கோல். "பின்னல வெச்சிதான்டி எல்லாரும் கண்டுபிடிக்கறாங்க. வெட்டி உட்ரு" என்றாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் அழுதாள். பின்பக்க அறையில் உட்காரவைத்து, தோளுக்குச் சமமாக வெட்டிவிட்டேன். கத்தரி சின்னது. ஒரே தடவையில் அறுபடவில்லை, அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் என் மடியில் தலையை வைத்து, "நீ இல்லாங்காட்டி நான் இன்னா ஆகியிருப்பேனோ பரி" என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பின்னலைத்தான் எங்கள் வீட்டு பீரோவிலிருந்து நீங்கள் எடுத்தீர்கள். குப்பையில் போட மனம் வரவில்லை.

செல் நம்பரை மாற்றினாள். எனக்கும் வீட்டுக்கும் மட்டும் கொடுத்தாள். கொஞ்ச நாள் எல்லாம் அமைதியாக இருந்தது. கல்லூரிக்கும் போகவில்லை. வயிற்று வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, அம்மா பள்ளிக்கூடம் போனதும் என்னிடம் வந்து உட்கார்ந்திருப்பாள். அந்த இரண்டு வாரம் போல எனக்கு என்றைக்கும் வாய்த்ததில்லை.

அப்புறம் லாவண்யா வந்தாள். கேட்காமல் கொள்ளாமல் வேலூரிலிருந்து பஸ் ஏறி, சோபியா வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் இருந்தாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பேரும் சென்டருக்கு வந்தார்கள். லாவண்யா என்னைப் பார்த்து, "நீங்கதான் பரியா? இவளுக்கு எவ்ளோ ஹெல்ப் பண்ணியிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சோபியாவிடம், "எதையும் டெலிட் பண்ணாத. வர்றதெல்லாம் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு வை. நீ ஒண்ணும் பண்ணல, நீ ஏன் ஒளியணும்?" என்றாள். போலிக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுக்கும் பக்கம் எது என்று தேடி, இரண்டு பேருமாக எழுதி அனுப்பினார்கள். பத்து நாளில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். நான் சொல்லாத ஒன்றை அவள் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போனாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான்தான். தாள் நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு சிம் கார்டு வாங்கினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த களம்பூர் முனியம்மாள் என்பவர் மிஷினிலேயே விட்டுப்போன வாக்காளர் அட்டை நகலைக் கொடுத்து வாங்கினேன். அந்த அம்மாவை நீங்கள் வரவழைத்து விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது. என் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள். அந்த சிம்மிலிருந்து சோபியாவின் புது நம்பருக்கு முதல் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். "முடி வெட்டினால் தெரியாதா?"

அடுத்தடுத்து இன்னும் ஒன்பது அனுப்பினேன். புது நம்பருக்கும் வந்துவிட்டதே என்று அவள் நிலைகுலைந்துபோனாள். சாப்பாட்டு நேரத்தில் செல் அதிர்ந்தபோது தட்டைத் தள்ளிவிட்டாளாம். பிரின்ஸ் அண்ணன் செல்லை எடுத்துப் படித்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வீட்டில் நடக்கும் என்று நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை. பாக்கியமேரி டீச்சர், "உன்மேல இன்னாடி தப்பு? இத்தன நாளு தனியாவா தூக்கிகினு திரிஞ்ச?" என்று கட்டிக்கொண்டாராம். படிப்பை நிறுத்தவில்லை. தினமும் அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். சிங்கராயர் பெரியப்பா திருமலை முதலாளியிடம் போய், மிச்சமிருந்த காலண்டர்களைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னார். இதையெல்லாம் சோபியா என்னிடம் சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் பிரின்ஸ் அண்ணன் சென்டருக்கு வந்தார். "பரிமளா, உனுக்குத் தெரியாம இருக்காது. யாரு அவன்?" என்றார்.

சோபியாவுக்குப் போன வருடம் தீனா என்று ஒரு பையன் வாழ்த்து அட்டை கொடுத்தான். பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறவன். அவள் வாங்கவில்லை, அவனும் அதோடு விட்டுவிட்டான். "அவனா இருக்குமாடி?" என்று நான் முன்பே ஒருமுறை அவளிடம் கேட்டேன். "சேச்சே, அவன் நிமிந்துகூடப் பேசமாட்டான்" என்றாள். பிரின்ஸ் அண்ணனிடம் நான், "தீனா போன வாரம் இங்க வந்து நெட் பாத்துகினு இருந்தான் அண்ணா" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது. தங்கச்சியின் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்திருந்தான். எதற்கு வந்தான் என்று பிரின்ஸ் அண்ணன் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம், ஷெட்டுக்குப் பின்னால் பிரின்ஸ் அண்ணனும் அவர் நண்பர்கள் இரண்டு பேரும் அவனை அடித்தார்கள். கையை மேலே தூக்கித் தலையை மறைத்திருக்கிறான். வலது மணிக்கட்டும் இரண்டு விரலும் உடைந்தன. வேலூருக்குக் கொண்டுபோய் உள்ளே கம்பி வைத்தார்கள். அந்த விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பிரின்ஸ் அண்ணன் பதினைந்து நாள் உள்ளே இருந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நான் அடிக்கச் சொல்லவில்லை மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீனாதான் செய்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அவன் இல்லை என்று சொன்னதை யாரும் கேட்கவில்லை. நானும் சிம்மை எடுத்து வைத்துவிட்டேன். செப்டம்பர் முழுக்க ஒன்றும் அனுப்பவில்லை. அப்படியே இருந்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அண்ணன் ஜெயிலில் இருந்த வருத்தம் இருந்தாலும், சோபியா தேறிக்கொண்டே வந்தாள். துப்பட்டா தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது. குட்டை முடி அவளுக்கு நன்றாகவே இருந்தது. பஸ் விட்டு இறங்கினால் சில நாள் சென்டருக்கு வெளியிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அக்டோபர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, உள்ளே வந்தாள். என் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "பரி, உன்கிட்டதான் சொல்றேன். லாவண்யா ரூம்ல ஒரு பெட் காலியாவுது. ஹாஸ்டல்ல சேந்துடப் போறேன். அம்மாக்கு மட்டும்தான் தெரியும். ஞாயித்துக்கிழம பூசைக்குப் போய்ட்டு வந்து அப்பாகிட்ட பேசணும். லாவண்யாவுக்கே இன்னும் சொல்லல, நேர்ல போய் நின்னு ஷாக் குடுக்கணும்" என்றாள். கால்களை ஆட்டிக்கொண்டே பேசினாள். "நல்லதுடி" என்றேன். "நீ லீவுல வா, வேலூர சுத்திக் காட்றேன்" என்றாள். வேலூர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டாள்.

அவள் போன பிறகு இரண்டு கல்யாணப் பத்திரிகை முடித்தேன். பிழை திருத்தினேன். பிறகு சிம்மை மாற்றி, "ஹாஸ்டலுக்குப் போனாலும் உன் படம் அங்கேயும் வரும்" என்று அனுப்பினேன். பயமுறுத்துவதற்காக இல்லை. அவசரப்படாமல் கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான். தீனா இன்னமும் ஆஸ்பத்திரிக் கட்டோடு இருக்கிறான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். உள்ளே வந்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை. செல்லை மேஜையில் வைத்தாள்.

"ஹாஸ்டல் சமாச்சாரம் ரெண்டு பேருக்குதான் தெரியும். எங்கம்மாக்கு மெசேஜ் அனுப்ப வராது" என்றாள்.

வெளியே மண் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போனது. போய் முடியும் வரை காத்திருந்தாள்.

"முடி வெட்டனதும் புது நம்பரும் உனுக்கு மட்டும்தான் மொதல்ல தெரியும். அப்பவே எனக்குத் தோணுச்சு. தோணுனதுக்கு என்னையே நான் திட்டிகினேன். தீனா கை போச்சுடி. எங்கண்ணன் கோர்ட்டுக்கு அலையறான். சொல்லு, நானு உனுக்கு இன்னா பண்ணேன்?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் வரிசையாகச் சொல்ல வரவில்லை. "உக்காருடி, தண்ணி குடி" என்றேன். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். பிப்ரவரியிலிருந்து அழிக்காமல் மிஞ்சியதெல்லாம் தேதி போட்டு அதில் இருந்தன. "நேத்து வந்தத டைப் பண்ணி ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு. டைமும் போடு" என்றாள். நான் அடித்துக் கொடுத்தேன். சூடாக இருந்த தாளை வாங்கி, ஒருமுறை படித்துப் பார்த்து, ஃபைலில் வைத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஆக, மேடம், ஆர்குட்டில் வந்த இருபத்தாறு செய்திகளும், போலிக் கணக்கும், எஸ்.எம்.எஸ். பதினொன்றும் நான் செய்தவை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஜெயக்குமார் அண்ணனுக்குத் தெரியாது. தீனா ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தேதான் அவன் பெயரைச் சொன்னேன். அவன் விரல்களுக்கு நானும் பொறுப்பு என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். இதை யாரும் மிரட்டி வாங்கவில்லை. முழு நினைவோடு என் கைப்பட எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சோபியா மறுபடியும் நம்பரை மாற்றிவிட்டாள் என்று பெண் காவலர் ஒருவர் சொன்னார். எட்டு மாதம் அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்: இந்த மாதிரிச் சமயத்தில் அவளைத் தனியாக விடக்கூடாது. லாவண்யாவுக்கெல்லாம் அவளைச் சமாளிக்கத் தெரியாது. தயவுசெய்து அந்தப் புது நம்பரை மட்டும் எனக்கு வாங்கிக் கொடுங்கள். மனம்விட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?